குரல் கொடுத்தவள் – அத்தியாயம் 9

"வாழ்த்துகள்! நீங்கள் தேர்வு பெற்றிருக்கிறீர்கள்!"

நாத்தனாரின் கைபேசியிலிருந்து வந்தது மைக்கம்மாவின் குரல். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவளும் மைக்கம்மாவேதான். போன வாரம் இந்த இடத்தில்தான் அவளை விட்டுவிட்டு வந்தோம். சமையலறை வாசலில், கையில் ஈரத் துணியோடு, திறந்த வாய் மூடாமல் நின்றிருந்தாள்.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பேருந்து நிலையத்தில் வருஷக்கணக்காக அறிவிப்பாளராக இருந்தவள் அவள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அவள் சொன்னால் போதும், ஜனம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடும். முகம் ஒருவருக்கும் தெரியாது. உள்ளறையில் உட்கார்ந்திருப்பவளை எவர் எட்டிப் பார்க்கிறார்கள்? ஆனால் குரலைத் தெரியாதவர் கிடையாது.

அப்புறம் ஓர் இயந்திரம் வந்தது. ஊர்ப் பெயர்களைத் தனியாக, எண்களைத் தனியாக, 'தாமதமாக', 'உடனடியாக' என்பதையெல்லாம் தனித்தனியாகப் பேசிக் கொடுக்கச் சொன்னார்கள். பேசிக் கொடுத்தாள். துண்டுகளை ஒட்டவைத்து இயந்திரமே பேசக் கற்றுக்கொண்டதும், "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே ஒலிப்பது அவள் குரல்தான். சம்பளம்தான் கிடையாது.

அந்த எரிச்சலில் இருந்தபோது வந்து மாட்டியதுதான் 'வீட்டிலிருந்தே குரல் வேலை'. பீரோவைத் திறந்து, போர்வைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு (அப்படிப் பேசினால் எதிரொலி வராதாம்) மாதக்கணக்காகப் பேசிப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இது உங்க குரல்தானே?" என்றாள் நாத்தனார்.

"என் குரல்தான். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? பணம் கட்டி எத்தனை நாளாச்சு! வேலையும் வரல, வேலை தர்றவனும் வரல. கேட்டா, இன்னொரு கட்டணம் கட்டினாதான் முதல் கட்டணமே செல்லும்கிறான்."

"நீ எதுக்குடி கட்டின? கட்டறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"உங்களைக் கேட்டுத்தான் கட்டினேன்!" என்று கத்திவிட்டு, நாத்தனார் திரையில் ஓங்கிக் குத்தினாள். "இதுதான் நீங்க சொன்ன பதில். நல்லா கேட்டுக்குங்க!"

"உங்கள் இடம் உறுதி. பயிற்சிக் கட்டணத்தை இன்று மாலைக்குள் செலுத்துங்கள். வாழ்த்துகள்!"

மாடியில் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. இருவருக்குமே நகரத் தோன்றவில்லை.

புருஷனோடு ஒத்துவராமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணன் வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறவள் நாத்தனார். குழந்தையை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக வழியில்லை. யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்ற வீறாப்பு வேறு. கழுத்திலிருந்த கடைசிச் சங்கிலியை விற்றுத்தான் கட்டியிருக்கிறாள்.

"நேர்காணல்னு ஒண்ணு வச்சாங்களா?"

"எல்லாம் எழுத்துலதான் கேட்டாங்க. முகம் காட்டச் சொன்னா கேமரா சரியில்லைன்னாங்க. எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு அண்ணி. விட்டுடலாம்னு நினைச்சேன். அப்பதான் இது வந்துச்சு. கேட்டதும் மனசுக்குள்ள தைரியம் வந்துடுச்சு. நம்ம அண்ணி, வெளியே காட்டிக்காம நமக்கு வேலை வாங்கித் தர்றாங்கன்னு நினைச்சேன்."

"கீழேதானே இருக்கேன்! ஒரு தடவை படியிறங்கி வந்து கேட்டிருக்கலாமே!"

"வீட்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. சொன்னா இடம் போயிடுமாம்."

 மைக்கம்மாவிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். ஒப்பந்தமாம், ரகசியமாம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பெண்களையும் தனித்தனியாக வாயைக் கட்டி உட்கார வைத்திருக்கிறான், எவனோ ஒருவன்.

தன்னை அவன் பிடித்த விதத்தை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வேலை தருகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்டால் அவன் திருடன், அது அவளுக்கும் தெரியும். இவன் கேட்கவேயில்லையே! பேசி அனுப்பிய ஒவ்வொரு தடவையும் சொன்ன நாளில் பணத்தைப் போட்டானே! பணம் தருகிறவன் எப்படித் திருடனாவான் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள். 'கட்டணம்' என்ற வார்த்தை வந்தபோது, இது என்ன என்று கேட்கவும் செய்தாள். ஏதோ பயிற்சிக் கல்லூரி என்றான். சரி என்று விட்டுவிட்டாள். வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பேசச் சொன்னபோதாவது உறைத்திருக்க வேண்டாமா? பேருந்து நிலையத்தில் பழகிய வேலைதானே என்று, கேட்டதற்கு மேலேயே பேசிக் கொடுத்தாள். பாவி, மீன் பிடிக்கத் தூண்டில் புழுவையே சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்திருக்கிறான்!

இரவுப் பணி முடிந்து அவள் கணவன் வந்தபோது வீடு இப்படித்தான் இருந்தது. பேருந்துப் பணிமனை மெக்கானிக் அவன். கைக் கறையைத் துடைத்தபடி விஷயத்தை முழுக்கக் கேட்டான். கேட்டதும் முதலில் தங்கையைப் பார்த்தான், அப்புறம் மனைவியைப் பார்த்தான்.

"உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"எப்ப சொன்னீங்க? ஒரு தடவை சொன்னதா சொல்லுங்க பார்ப்போம். முதல் பணம் வந்த அன்னிக்கு வாயெல்லாம் பல்லா போய்ப் புது டிவி வாங்கிட்டு வந்தீங்க. அப்ப எங்க போச்சு இந்தப் படிப்பு?"

"சரி, அதை விடு. இப்ப ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருங்க."

"என்னது?"

"அந்தப் பேச்சுல உன் பேர் இருக்கா? முகம் இருக்கா? குரல்தானே. ஒரே மாதிரி ஆயிரம் குரல் இருக்கும். பாப்பா, உன் பணம் போனது போச்சு, அண்ணன் பார்த்துக்கறேன். நாமளா போய் எதையும் கிளற வேண்டாம்."

"போனது போச்சா?" மைக்கம்மா ஈரத் துணியைத் தரையில் அடித்தாள். "உங்க தங்கச்சி ஒருத்தியோட போச்சா? இன்னும் எத்தனை பேர் காதுல நான் வாழ்த்து சொல்லியிருக்கேனோ!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை. நாத்தனாரின் கைபேசி 'டிங்' என்றது. புதிதாகத் தேர்வானவர்களுக்கென்று அந்த நிறுவனம் ஒரு குழு வைத்திருந்தது. அதில் செய்தி வந்திருந்தது. நாத்தனார் படித்தாள். படித்துவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருடி?"

"சலவைக்கடை அக்கா. கடையைக் காலி பண்றாங்களாம். இன்னும் கொஞ்ச நேரத்துல கடை ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தர்றாராம். கைக்கு வந்ததும் மொத்தமா கட்டிடறேன்னு எழுதியிருக்காங்க."

"எந்தச் சலவைக்கடை? பின் தெருவுல இருக்கே, அதா?"

நாத்தனார் தலையாட்டினாள். "நான்தான் அண்ணி சொன்னேன். நின்னுகிட்டே இஸ்திரி போட்டுக் கால் வீங்கிப் போச்சுன்னு புலம்பினாங்க. உட்கார்ந்த இடத்துல சம்பாதிக்கலாம்னு நான்தான் அவங்களைச் சேர்த்துவிட்டேன்."

 இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டி ஒற்றை ஆளாகக் கடையை நடத்துகிறவள் அந்த அக்கா. கடையும் போய், அட்வான்ஸும் போய்விட்டால் அவளுக்கு அடுத்த வேளைக்கு வழி கிடையாது.

"கூப்பிடு. உடனே கூப்பிடு" என்றாள் மைக்கம்மா.

நாத்தனார் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அக்கா, பணம் கட்டிடாதீங்க. அது ஏமாத்து வேலை. நானும் ஏமாந்துட்டேன்."

 "நேத்தே சொன்னாங்கம்மா" என்றது சலவைக்கடை அக்காவின் குரல்.

"என்ன சொன்னாங்க?"

"இடம் கொஞ்சம்தான் இருக்காம். முன்னாடி சேர்ந்தவங்களே வயித்தெரிச்சல்ல வந்து கலைப்பாங்கன்னு சொன்னாங்க. நீயா அப்படிச் செய்வேன்னு நான் நினைக்கல."

"அய்யோ அக்கா, சத்தியமா…"

"பஸ் ஸ்டாண்டு அம்மாவே சொல்லியிருக்காங்க. அந்தக் குரலைக் கேட்டுத்தான் இத்தனை வருஷமா வண்டி ஏறிட்டு இருக்கேன். ஒரு நாளாவது தப்பான வண்டியில ஏத்திவிட்டிருக்கா அது? நீ உன் வேலையைப் பாரு."

இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

மைக்கம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைவிட வேகமாகக் கோபம் முட்டியது. தன் கைபேசியை எடுத்தாள். 'மேலாளர்' என்று சேமித்து வைத்திருந்த எண்ணுக்கு, வாயில் வந்ததையெல்லாம் எழுதி அனுப்பினாள். இத்தனை நாளும் எழுத்தில் மட்டும் பேசியவன், இப்போது தானாகவே அழைத்தான். சின்ன வயசுக் குரல். தேன் ஒழுகுகிற மரியாதை.

"மேடம், டென்ஷன் ஆகாதீங்க. உங்களுக்கு பேமென்ட் கரெக்டா வந்துட்டிருக்கு இல்ல?"

"அந்தப் பணம் எங்கிருந்துடா வந்துச்சு? என் நாத்தனார் கழுத்துல இருந்தா?"

"இந்த மாசத்துலேர்ந்து டபுளா தர்றோம் மேடம்."

"உன் டபுளைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. வாங்கின பணத்தை எல்லாருக்கும் திருப்பிக் கொடு. இல்லேன்னா நேரா போலீசுக்குப் போறேன்."

"தாராளமா போங்க." குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. "எங்க பேர் உங்களுக்குத் தெரியாது. ஆபீஸ் எங்க இருக்குன்னு தெரியாது. போலீசுக்குக் கிடைக்கப்போறது உங்க குரலும், நாங்க பணம் போட்ட உங்க பேங்க் கணக்கும்தான். முதல்ல யாரைப் பிடிப்பாங்கன்னு யோசிச்சுக்குங்க மேடம்."

"இனிமே உனக்காக ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன்டா!"

அவன் சிரித்தான். "பரவாயில்ல மேடம். தேவையான அளவுக்கு ஏற்கெனவே பேசிட்டீங்க."

அவன் வைத்துவிட்டான். கணவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். "இதைத்தானே நான் சொன்னேன்? விலங்கு உன் கைக்குத்தான் வரும். பேசாம இரு."

"இருக்க மாட்டேன்."

"என்ன பண்ணப் போறே?"

"அந்த அக்கா இவளை நம்பல. உங்களையும் நம்பாது. என் குரலைத்தான் நம்புது. அந்தக் குரலே சொல்லட்டும்."

"பேரைச் சொல்லிப் பேசினேன்னா நீயே போய் மாட்டிக்கிறதா அர்த்தம். தெருவுல தலைகாட்ட முடியாது. நீ மட்டும் அதை அனுப்பினே, அப்புறம் நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

"கதவு திறந்துதான் இருக்கு" என்றாள் மைக்கம்மா.

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் பீரோவைத் திறக்கவில்லை, போர்வைக்குள் தலையை விடவும் இல்லை. எதிரொலி வந்தால் வந்துவிட்டுப் போகிறது. கூடத்தின் நடுவில் நின்று, நாத்தனாரின் கைபேசியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

"பயணிகளின் கவனத்துக்கு" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டாள். அழித்தாள். மறுபடி ஆரம்பித்தாள்.

"நான்தான் பேருந்து நிலையத்துல அறிவிப்புச் சொன்னவ. உங்களுக்கு வந்த வாழ்த்து என் குரல்தான். ஆனா அது பொய். என்னை வச்சு உங்களை ஏமாத்திட்டாங்க, எனக்கே தெரியாம. வேலை கொடுக்கிறவன் சம்பளம் கொடுப்பான், உங்ககிட்ட காசு வாங்க மாட்டான். இன்னிக்கே கட்டுன்னு அவசரப்படுத்தினா, வீட்ல சொல்லாதேன்னா, முகம் காட்ட மாட்டேன்னா அவன் திருடன். கட்டாதவங்க கட்டாதீங்க. கட்டினவங்க உடனே பேங்குக்குச் சொல்லுங்க, என்கூடப் போலீசுக்கு வாங்க. என் வீடு தண்ணீர்த் தொட்டித் தெரு முனையில இருக்கு. என்னைத் திட்டணும்னாலும் வாங்க, கேட்டுக்கறேன்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அதோடு அப்படியே குழுவில் அனுப்பினார்கள்.

மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, 'அய்யய்யோ' என்று எழுதினாள். இன்னொருத்தி, 'நான் கட்டிட்டேனே' என்று எழுதினாள். நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் அண்ணியைத் தொட்டது அப்போதுதான்.

அதற்கப்புறம் குழுவில் இன்னொரு குரல் செய்தி வந்து விழுந்தது. நாத்தனார் அழுத்தினாள்.

"அன்பான தோழிகளே, சற்று முன் வந்த செய்தி போலியானது. என் குரலைப் போலவே பேசி உங்களை யாரோ குழப்புகிறார்கள். யாராவது நேரில் வந்து என்னைப் போலவே பேசினாலும் நம்ப வேண்டாம். உங்கள் இடத்தை இன்றே உறுதிசெய்துகொள்ளுங்கள். வாழ்த்துகள்!"

மைக்கம்மாவின் குரல். அந்தக் கனிவு, 'வாழ்த்துகள்' என்பதைக் கொஞ்சம் இழுத்து முடிக்கிற அந்த முடிப்பு, எல்லாம் அச்சு அசல் அவளுடையவை.

கணவன் சடாரென்று எழுந்தான். "இதை எப்படி நீ பேசின?"

"நான் பேசல."

"என்கிட்டயே பொய் சொல்லாத. இது நீதான்."

"நான் பேசலைங்க! இந்தப் பேச்சை என் வாயால நான் பேசவே இல்ல!"

அவன் கைபேசியைப் பிடுங்கிக் காதருகே வைத்தான். கூடவே வாழ்ந்து, தூக்கத்தில் முணுமுணுத்தால்கூட அவள் குரலை அடையாளம் கண்டுகொள்கிறவன். அவனுக்கே வித்தியாசம் தெரியவில்லை. வார்த்தை வார்த்தையாகப் பேசச் சொன்னது எதற்கு என்று மைக்கம்மாவுக்கு இப்போது விளங்கியது. கோபமாக ஒரு முறை, அன்பாக ஒரு முறை, கெஞ்சுகிற மாதிரி ஒரு முறை என்று அவன் கேட்டதெல்லாம் இதற்குத்தான். அவனுடைய இயந்திரம் அவளிடமே பாடம் படித்துக்கொண்டு, இப்போது அவளையே போலி என்கிறது.

'அந்தம்மா சொல்றதுதான் சரி' என்று குழுவில் ஒருத்தி எழுதினாள். எந்த அம்மா என்று அவள் எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை. அடுத்த நொடி, நாத்தனாரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

"நாசமாப் போறவனே!" என்று மைக்கம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறந்துகொள்ளட்டும். "இனிமே வாயால ஆகற காரியமில்ல. கிளம்புடி."

"நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றான் கணவன். இன்னொரு தடவை அந்தச் செய்தியைக் கேட்டிருந்தான், முகம் வெளுத்திருந்தது. "உன் பேங்க் கணக்கு விவரமும் எடுத்துட்டுப் போறேன். அவங்க வந்து கேட்கறதுக்குள்ள நாமளே சொல்லிடலாம். நீங்க ரெண்டு பேரும் கடைக்கு ஓடுங்க."

காலையிலிருந்து அவன் பேசியதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். அதைப் பாராட்ட அவளுக்கு நேரமில்லை. நாத்தனார் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். இருவரும் செருப்பைப் போட்டும் போடாமலும் பின் தெருவுக்கு ஓடினார்கள்.

சலவைக்கடையில் அலமாரிகள் பாதி காலியாக இருந்தன. இஸ்திரி மேசை கயிறு கட்டிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வாசலில் கடையின் சொந்தக்காரர் யாருக்கோ கையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அட்வான்ஸ் கைமாறிவிட்டது என்பது அதிலேயே தெரிந்தது.

உள்ளே சலவைக்கடை அக்கா கைபேசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

"பச்சை நிறப் பொத்தானை அழுத்துங்கள். பணம் வந்து சேரும்வரை இணைப்பில் இருங்கள்."

"அக்கா, அழுத்தாதீங்க!" என்றாள் மைக்கம்மா.

"இரும்மா, சத்தம் போடாத." அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லைன்ல அவங்க பேசறாங்க."

"அது நான் இல்லக்கா! நான்தான் பஸ் ஸ்டாண்டுல பேசினவ. இதோ நான் நிக்கறேன் பாருங்க. இந்தக் குரல் என்னோடது!"

அக்காவின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. மெல்லத் தலையைத் தூக்கினாள். கைபேசியைப் பார்த்தாள், வாசலில் நின்றவளைப் பார்த்தாள். அந்த வீட்டுத் துணியைக் கொண்டுவருகிறவள் நாத்தனார்தான்; இது முன்பின் பார்த்திராத முகம். தலை கலைந்து, ஒரு காலில் செருப்பில்லாமல், மூச்சிரைத்துக்கொண்டு யாரோ ஒருத்தி. அவளுக்குப் பின்னால், வேலையைக் கலைக்கப் பார்த்த அந்தப் பெண்.

"சொன்னாங்க" என்றாள் அக்கா. "அச்சு அசல் அவங்களை மாதிரியே பேசிக்கிட்டு ஒருத்தி வருவான்னு இப்பதான் சொன்னாங்க."

"என்னைப் பாருங்கக்கா!"

"எப்படிம்மா இப்படிப் பேசக் கத்துக்கிட்டே? நல்லவங்க குரல்ல பேசிப் பிழைக்கிறதுக்கு உனக்கு வெக்கமா இல்ல?"

விரல் பொத்தானை நோக்கி இறங்கியது.

வருஷக்கணக்காகக் குரல் ஒன்றை வைத்தே பிழைத்தவள் அந்த நொடியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாய்ந்து போய் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"திருடி! திருடி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் சலவைக்கடை அக்கா.